'செட்' என்னும் சிறுவினை



ஆங்கிலத்தில் 'செட்' என்றொரு வினைச்சொல் உண்டு. அம்மொழியில் அது மூன்றெழுத்துச் சொல். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவனும் அறிந்த சொல். ஆயினும் 1989ஆம் ஆண்டில் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த வினைக்கே வாய்த்தது. ஏறத்தாழ 430 பொருள்கள். அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள். அகராதி திருத்தம்பெற்று வருகையில் 'மேக்', 'புட்' ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இதனை முந்தின. 2011இல் 'ரன்' என்னும் வினை 645 பொருள்களோடு முதலிடம் பெற்றது. முந்தியவையும் எளிய சொற்களே என்பது கவிஞர்கள் கவனிக்கத்தக்கது. அரிய சொல் பெட்டியில் வைத்த பட்டாடை. இச்சொற்களோ அன்றாடம் உடுத்தி, எந்த உடலுக்கும் வளைந்து கொடுக்கப் பழகியவை.

இத்தனை பொருள்களுக்கும் வேர் ஒன்றே. 'சிட்' என்றால் உட்கார்தல். 'செட்' என்றால் உட்காரச் செய்தல். நம் இலக்கணத்தார் தன்வினை, பிறவினை என்று பகுப்பதை ஆங்கிலமும் ஒரு காலத்தில் உயிரொலியை மாற்றியே செய்துகொண்டது. 'ஃபால்' என்றால் வீழ்தல், 'ஃபெல்' என்றால் மரத்தை வீழ்த்துதல். 'லை' கிடத்தல், 'லே' கிடத்துதல். உருள், உருட்டு, ஆடு, ஆட்டு என்று பழகிய தமிழ் மாணவனுக்கு இதனைச் சொன்னால் உடனே விளங்கும். ஏனோ ஆங்கில இலக்கண வகுப்புகளில் இது சொல்லப்படுவதே இல்லை.

வேர் இன்னும் வெளிப்படையாகத் தெரியும் இடம் கோழிக்கூடு. கோழியைச் 'செட்' செய்தல் என்றால் முட்டைமேல் உட்கார வைத்தல், அதாவது அடை வைத்தல். அங்கிருந்து சொல் புறப்படுகிறது. மோதிரத்தில் கல்லை உட்கார வைத்தால் அது பதித்தல். முறிந்த எலும்பை அதனிடத்தில் உட்கார வைத்தால் எலும்பு கட்டுதல். ஈய எழுத்துகளை வரிசையில் உட்கார வைத்தால் அச்சுக்கோத்தல். பொறியைச் 'செட்' செய்தால் வைத்தல். வினாத்தாளை என்றால் தயாரித்தல். விலையை என்றால் குறித்தல். பாடலை இசைக்குள் உட்கார வைத்தால் இசையமைத்தல். பிறகு பிறவினை என்ற நிலையும் நழுவி, பொருள்கள் தாமே 'செட்' ஆகத் தொடங்குகின்றன: சிமெண்டு இறுகுகிறது, தயிர் உறைகிறது, சூரியன் மறைகிறது. இறந்தகாலத்திலும் இச்சொல்லின் வடிவம் மாறுவதில்லை. இன்று செய்வதா, நேற்றுச் செய்ததா என்பதையும் பல இடங்களில் பக்கத்துச் சொற்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

பல பொருள் குறித்த ஒரு சொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிய வேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்திருக்கிறார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. அங்கே வினை வந்து பெயரைத் தெளிவிக்கிறது. இங்கே பெயர் வந்து வினையைத் தெளிவிக்கிறது, திசைதான் வேறு. துணைச்சொல் ஒட்டினாலோ வினை முற்றிலும் வேறாகிறது. 'செட் அவுட்' புறப்படுதல். 'செட் இன்' மழையோ குளிரோ வந்து நிலைகொள்ளுதல். 'செட் அப்' ஒரு நிறுவனத்தைத் தொடங்குதல், ஒருவனைச் சூழ்ச்சியில் மாட்டிவிடுதலும் அதுவே. 'செட் அசைட்' இவற்றினும் விந்தையானது. வீட்டில் பணத்தைச் 'செட் அசைட்' செய்தால் பின்னர் உதவும் என்று பத்திரப்படுத்துகிறார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பைச் 'செட் அசைட்' செய்தால் அது செல்லாததாகிறது. காப்பதும் தள்ளுவதும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. 'ஒதுக்கு' என்ற நம் வினையிலும் இந்த இரட்டைத்தன்மை இருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் 'செட்' என்று ஒலிப்பதெல்லாம் இக்குடும்பம் அன்று. தொகுதி என்று பொருள்படும் 'செட்' என்னும் பெயர், இலத்தீன் மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். ஒலி ஒன்றாகிவிட்டதால் இரண்டும் கலந்துபோயின. நம் உணவகத்துச் 'செட் தோசை' அந்த இலத்தீன் வழியினது. திரைப்படத்துக்குப் போடும் 'செட்' உட்கார வைத்த வழியினது.

மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லின் முன்னால் தயங்கி நிற்பது இயல்பே. 'செட்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும் என்று கேட்போர் உளர். அக்கேள்வியே பொருந்தாது. அமை என்றோ நிறுவு என்றோ ஒன்றை உறுதிசெய்துவிட்டால் சூரியனையும் தயிரையும் 'அமைக்க' வேண்டிவரும். ஆங்கிலம் ஒரே வினையில் அடக்கியதைத் தமிழ் பல வினைகளாக விரித்து வைத்திருக்கிறது. ஒரே ஒலியில் சிலேடை செய்யும் வாய்ப்பு ஆங்கிலக் கவிஞனுக்கு உண்டு. செயலை நுட்பமாகப் பெயரிடும் வாய்ப்பு தமிழ்க் கவிஞனுக்கு உண்டு.

அந்த வாய்ப்புத்தான் இப்போது சுருங்கி வருகிறது. ஆங்கிலச் சொல் தமிழில் வந்ததனாலன்று. வந்த சொல் ஒன்று, அது விரட்டிய சொற்கள் பல என்பதனால். வரன் அமையும், விலை படியும், வேலை வாய்க்கும், இருவர் குணம் ஒத்துப்போகும், சட்டை பொருந்தும், காரியம் கைகூடும். இந்த ஆறு வினைகளின் இடத்திலும் இன்று 'செட் ஆச்சு', 'செட் ஆகலை' என்ற பேச்சு கேட்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், இருவருக்கு மனம் ஒத்துப்போகவில்லை என்பதை ஆங்கிலேயர் 'செட்' என்னும் வினையால் சொல்வதில்லை. அது தமிழ்நாட்டில் அச்சொல்லுக்குப் பிறந்த பொருள். அதைத் தமிழரின் ஆக்கம் என்றே கொள்ளலாம். ஆனால் ஆறு வினைகளையும் மறந்துவிட்டுப் பெறும் ஆக்கத்துக்கு விலை மிக அதிகம்.

இனிச் சூரியனுக்கு வருவோம். சூரியன் 'செட்' ஆவதை, இருக்கையில் அமரும் காட்சியாகவே சொல்லின் வேர் காட்டுகிறது. 'அஸ்தமனம்' என்பதில் உள்ள 'அஸ்தம்' வேதமொழியில் வீட்டைக் குறிக்கும். அங்கே சூரியன் வீடு திரும்புகிறான். தமிழில் அவன் படுகிறான். படுஞாயிறு என்பது பழஞ்சொல். ஏட்டோடு நின்றுவிட்ட சொல்லும் அன்று: மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை என்று மக்கள் நாவில் வழங்குகிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னொரு வினையும் உண்டு. அங்கே மாலையில் பொழுது அடைகிறது. கோழி கூண்டில் அடைவதும் அவ்வினையாலேயே. அது முட்டைமேல் உட்கார்ந்தால் அடைகாத்தல். ஆங்கிலம் தன் சூரியனையும் கோழியையும் ஒரே வினையில் உட்கார வைத்ததுபோல, எந்த அகராதியையும் புரட்டாத ஒரு சிற்றூர்க் கிழவியும் தன் பொழுதையும் கோழியையும் ஒரே வினையில் அடைத்துவிட்டு விளக்கேற்றப் போகிறாள்.