கைபேசிக்கும் விதைநெல் வேண்டும்

(அமராவதிபுதூரில் விவசாயிகள் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று அமாவாசை. ஏர் பூட்டாத நாளாதலால்தான் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் இந்த நாளுக்கென்றே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறேன். அரை மணி நேர வேலைதான். செலவு அதிகமில்லை.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டைப் பையில் கைபேசி இருக்கிறது. அதில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பட்டாவின் படம், ஆதார் அட்டையின் படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், உர வியாபாரியின் எண், நெல் அறுவடை இயந்திரக்காரரின் எண், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு, பேரக் குழந்தையின் முகம். முன்பு தகரப் பெட்டியில் இருந்தவையெல்லாம் இன்று கையகலக் கண்ணாடிக்குள் வந்துவிட்டன. அந்தக் கண்ணாடி உடைந்தால்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. கண்மாய் மடையருகே குனிந்து தண்ணீர் அளவைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த கைபேசி நேராக மடைக்குள் போய்விட்டது. புதிய கைபேசியை மறுநாளே வாங்கிவிட்டேன். ஆனால் மூன்று பருவங்களாக நிலக்கடலை வயல்களில் எடுத்து வைத்திருந்த படங்கள் திரும்பவில்லை. என் தாயாரை அவர் இருந்த கடைசி ஆண்டில் எடுத்த படமும் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இன்று பேசுகிறேன்.

நகல் வைப்பது நமக்குப் புதிதா?

இந்தச் செட்டிநாட்டுச் சீமைக்கு நகலின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்களின் ஏஜெண்டுகள், அங்குள்ள கணக்கை ஊரிலிருக்கும் முதலாளிக்குத் தவறாமல் எழுதி அனுப்புவார்கள். 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை புகுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில், ஊரில் கணக்கு நகல் வைத்திருந்தவருக்கே தமக்கு என்ன இருந்தது என்று சொல்ல இயலும்.

விவசாயிக்கு இதைவிடப் பழைய பாடம் விதைநெல். விளைந்ததையெல்லாம் ஒரே குதிரில் கொட்டுவோமா? விதைக்கென்று தனியே எடுத்து வைக்கிறோம். இதையே உலக அளவிலும் செய்கிறார்கள். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவில், உறைபனி மலைக்குள் 2008-ல் ஒரு விதைக் கிடங்கு திறந்தார்கள். பல நாடுகளின் விதை வங்கிகள் தம் விதைகளின் ஒரு பகுதியை அங்கே கொடுத்து வைத்திருக்கின்றன. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த பன்னாட்டு வறண்டநில ஆராய்ச்சி மையத்தின் விதை வங்கியைப் போரினால் பயன்படுத்த முடியாமல் போயிற்று. 2015-ல் அந்த மையம் ஸ்வால்பார்டிலிருந்து தன் விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கியது. 2017-ல் கடனை அடைப்பது போலப் புதிய விதையைத் திருப்பி வைத்தது. இரண்டாம் இடத்தில் இருந்த நகல்தான் காப்பாற்றியது.

எந்தச் செயலிகள் பயன்படும்?

கைபேசியில் எத்தனையோ செயலிகள் வந்து நிறைகின்றன. விவசாயிக்கு ஐந்தாறு போதும்.

தமிழக அரசு 2018-ல் வெளியிட்ட 'உழவன்' செயலியில் மானியத் திட்டங்கள், விதை மற்றும் உர இருப்பு, சந்தை விலை, வாடகை இயந்திரங்கள் ஆகியவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். இந்திய வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலியில் மாவட்ட வானிலையும், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பயிர் ஆலோசனையும் வரும். மானாவாரி நெல்லை நேரடியாக விதைக்கிற நம் பகுதிக்கு மழைக் குறிப்பு மிகவும் தேவை. 'தாமினி' செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் இடி மின்னல் இருந்தால் எச்சரிக்கும். வடகிழக்குப் பருவத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் 'டிஜிலாக்கர்' 2015-ல் வந்தது. அரசுத் துறை நேரடியாக அதில் வழங்கும் ஆதார், ஓட்டுநர் உரிமம் முதலியவை அசல் ஆவணத்துக்குச் சமமாகவே சட்டப்படி ஏற்கப்படும். நீங்களே படம் எடுத்து அதில் ஏற்றியவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. பட்டா, சிட்டா நகலைத் தமிழக அரசின் மின்சேவை இணையதளத்தில் எந்நேரமும் எடுக்கலாம். படிக்கத் தெரியாத பெரியவர்கள் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தை இலவசமாக அழைத்துத் தமிழில் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. செயலியை 'பிளே ஸ்டோர்' மூலமாக மட்டும் இறக்குங்கள். பி.எம். கிசான் தவணை வரும் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொடாதீர்கள். தொட்டால் வங்கிக் கணக்கு காலியாகலாம். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

மூன்று நகல்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. முக்கியமானவற்றுக்கு மூன்று நகல் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் இருப்பது ஒன்று. வீட்டுப் பெட்டியில் பென்டிரைவில் இருப்பது இரண்டு. கூகுள் கணக்கில் இருப்பது மூன்று. கைபேசிக்குள்ளேயே செருகியிருக்கும் மெமரி கார்டை நகலாகக் கொள்ள வேண்டாம். கைபேசி காணாமல் போனால் அதுவும் உடன் போகும்.

முதலில் எண்கள். புதிய எண்ணைச் சேமிக்கும்போது, சிம்மிலா, கைபேசியிலா, கூகுள் கணக்கிலா என்று கேட்கும். கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். வேறு கைபேசியில் அதே கணக்கைத் திறந்தால் எண்கள் தாமே வந்து சேரும்.

அடுத்து படங்கள். 'கூகுள் போட்டோஸ்' செயலியில் காப்பு நகல் எடுக்கும் வசதியை இயக்கி வையுங்கள். படம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் நகல் எல்லாம் சேர்த்து 15 ஜிபி வரை இலவசம். காலை வணக்கப் படங்களை அவ்வப்போது களையெடுத்தால் இடம் போதும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். காப்பு நகல் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால், கைபேசியிலும் கணக்கிலும் சேர்த்தே அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். அதனால்தான் பென்டிரைவ் நகலும் வேண்டும் என்கிறேன். அதையும் ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள். முளைப்புத்திறன் பார்க்காத விதையை நம்பி விதைப்பீர்களா?

வாட்ஸ்அப்பில் அமைப்புகள், அரட்டைகள், அரட்டைக் காப்பு நகல் என்று வரிசையாகச் சென்று, வாரம் ஒரு முறை என்று அமைத்துவிடுங்கள்.

வயல் படம் வேடிக்கைக்கு மட்டுமல்ல. காப்பீடு செய்த பயிர் ஆலங்கட்டி மழையில் அடிபட்டாலோ, அறுத்துக் காயப்போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் நனைந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான எண் 14447. அந்தச் சமயத்தில் தேதியுடன் கூடிய படமும், பிரீமியம் கட்டிய ரசீதும் கைவசம் இருந்தால் பேச்சுக்கு வலு சேரும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. நகல் கேட்கவும் பட்டா எண், கணக்கு எண் தெரிய வேண்டுமல்லவா?

கைபேசி தொலைந்தால்

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அது உங்கள் கைபேசியின் அங்க அடையாளம். அதையும், கூகுள் கணக்கின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள். கைபேசி உறைக்குள் செருகி வைக்காதீர்கள். பணம் செலுத்தும் ரகசிய எண்ணை எங்கும் எழுத வேண்டாம். கணக்கை மீட்பதற்கான எண்ணாக மகன் அல்லது மகளின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். தொலைந்த சிம்முக்கே சங்கேத எண் போனால் என்ன பயன்?

தொலைந்ததும் முதலில் வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் சொல்லி நிறுத்துங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த 15 இலக்க எண்ணைக் கொண்டு 'சஞ்சார் சாத்தி' தளத்தில் கைபேசியையே முடக்கலாம்.

பெருமக்களே, மாதம் ஒரு அமாவாசை வருகிறது. அன்று மாட்டுக்கு ஓய்வு. கைபேசிக்கு மட்டும் அரை மணி வேலை கொடுங்கள். படங்களைப் பென்டிரைவில் ஏற்றுங்கள், வாட்ஸ்அப் நகல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், வேண்டாததை அழியுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் திரும்பாத படம் உங்களுக்காவது திரும்பட்டும்.

இன்று வீடு திரும்பியதும் முதல் நகலை எடுங்கள்.