வரவு எந்த நாணயமோ, கடனும் அதே நாணயம்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, கோவை பம்ப் தொழிற்சாலையிலோ, வங்கியிலோ அமர்ந்து கடன் பத்திரங்களைக் கையாளப் போகிறீர்கள். வெளிநாட்டு வியாபாரம் ஒரு கம்பெனியின் கடனை எப்படி மாற்றுகிறது என்பதை உங்களிடம் சொல்லவே வந்திருக்கிறேன்.

உள்ளூரில் மட்டும் விற்பவருக்கு வரவும் ரூபாய், கடனும் ரூபாய். ஏற்றுமதியாளருக்கு அப்படியல்ல. ஆர்டர் வந்ததும் நூல் வாங்க, சாயம் போட, கூலி கொடுக்க வங்கி பேக்கிங் கிரெடிட் தருகிறது. அதை டாலரிலும் வாங்கலாம். சரக்குக்கு வரும் டாலரைக் கொண்டே அடைத்துவிட்டால், ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கடன் கனக்காது. வெளிநாட்டு வரவு தரும் பெரிய பலம் இது.

கடனோ ஒப்பந்தமோ அந்த வரவை மீறிப் போனால் என்ன ஆகும் என்பதையும் நம் மண் பார்த்திருக்கிறது. 2007-ல் ரூபாய் வலுத்து, டாலர் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. அதே துணிக்குக் கையில் கிடைத்த ரூபாய் குறைந்தது. அதை ஈடுகட்டலாம் என்று இங்குள்ள பல நிறுவனங்கள், வங்கிகள் விற்ற சிக்கலான டெரிவேடிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. டாலரில் சம்பாதித்தவர்கள் சுவிஸ் பிராங்கின் ஏற்ற இறக்கத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. துணி தைத்து வராத நஷ்டம் வங்கிக் கடனாகத் தலையில் ஏறியது.

இத்தகைய ஒப்பந்தம் ஒன்றுக்காகக் கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ், ஆக்சிஸ் வங்கியை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. அந்த ஒப்பந்தம் வெறும் பந்தயம் என்ற வாதத்தை 2008 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. டெரிவேடிவ் விதிமீறல்களுக்காக 2011-ல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்குத் தலா 5 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதித்தது. அந்தத் தொகை நஷ்டப்பட்டவர் கைக்கு வரவில்லை.

ஆகவே, எந்தப் பத்திரம் முன்னால் வந்தாலும் கேளுங்கள்: நமக்கு வரவு எந்த நாணயத்தில்? இந்தக் கடன் அதே நாணயத்தில், அந்த வரவுக்குள் அடங்குகிறதா? வட்டி குறைவு என்பது இதற்குப் பதிலாகாது. முதலாளி அவசரப்படுத்தினாலும், வங்கி மேலாளர் வேண்டியவராக இருந்தாலும், பதில் கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். தையல் மெஷின் முன் அமர்ந்திருப்பவரின் சனிக்கிழமைச் சம்பளம் உங்கள் கையெழுத்தை நம்பியிருக்கிறது.

நன்றாக வாழுங்கள், நாலு குடும்பங்களை வாழவையுங்கள்.