அறமும் கட்டளையும்: ஒரு சட்டச் சொல்லின் பொருள்



சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தமிழில் எழுதப்பட்ட விளக்கக் குறிப்பொன்றை என்னிடம் கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஈட்டிய சேமிப்பை லாபுவானில் ஒரு 'தனியார் அறக்கட்டளை'யின் வழியாகப் பாதுகாக்கலாம் என்றது அக்குறிப்பு. அதைப் படித்த அவர்தம் துணைவியார், "பிள்ளைகளுக்கென்று வைத்ததைத் தருமத்துக்கு எழுதிவிடப் போகிறீர்களா?" என்று கலங்கினாராம். பிழை அம்மையாருடையதன்று, சொல்லினுடையது.

மலாய்மொழிச் சட்டங்கள் இங்கே தெளிவாக இருக்கின்றன. 1949ஆம் ஆண்டுச் சட்டம் 'அமானா' என்கிறது; 2010ஆம் ஆண்டு லாபுவான் சட்டம் 'யாயாசான்' என்கிறது. அமானாவில் சொத்து பொறுப்பாளர் பெயரில் நிற்கும். பயன் பிறருக்குச் சேரும். யாயாசானோ சட்டத்தின் கண்ணில் தனி ஆள். சொத்து அதற்கே உரியது. அதற்குப் பங்குதாரர் இல்லை. சாசனம் உண்டு, அதன்படி நடத்துவோர் உண்டு, பயனாளிகள் உண்டு. அப்பயனாளிகள் நிறுவியவரின் மக்களாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் நாம் 'அறக்கட்டளை' என்றோ 'அறவாரியம்' என்றோ வழங்குகிறோம். அறம் நோக்கமாக இல்லாத இடத்திலும் அறம் என்னும் சொல் முன்னிற்கிறது.

ஐரோப்பாவில் லீக்டன்ஸ்டைன் நாடு 1926இலேயே குடும்பத்துக்கான இத்தகைய அமைப்புக்குச் சட்ட வடிவம் தந்தது. ஆயினும் கொடுத்தவர் மறைந்தபின்னும் கொடை தன் காலில் நிற்க வேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாகாதா? சாகும். பெற்றுக்கொண்ட இடையர் ஈற்றுக் குட்டிகளைக் கொண்டு அவ்வெண்ணிக்கையை நிறைத்து வைக்க வேண்டும், நெய் குறையலாகாது. உயிர்கள் மாறினும் மந்தை மாறாது. இன்றைய சட்டம் கூறும் 'தனி ஆள்' என்னும் கருத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கண்டதில்லை.

ஆகவே என் பரிந்துரை எளியது. கோயில் வழக்கில் 'கட்டளை' என்பது இன்ன பணிக்கு இன்ன பொருள் என்று வரையறுத்து வைப்பது. அச்சொல்லையே கொள்வோம். பொதுநலத்துக்குரியது அறக்கட்டளை, குடும்பத்துக்குரியது குடும்பக் கட்டளை, அமானாவைப் 'பொறுப்புடைமை' எனலாம்.

சொல் தெளிந்தால் எச்சரிக்கையும் தெளியும். கடன் கொடுத்தோரை ஏமாற்றும் நோக்கில் செய்யப்படும் மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கக்கூடும். எல்லா அதிகாரத்தையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, சொத்து தம்முடையதன்று என்று ஒருவர் வாதிடுவதும் எளிதில் நிற்காது. நெருக்கடி வருமுன், நல்ல நிலையில் இருக்கும்போது, வழக்கறிஞரின் அறிவுரையோடு செய்யத்தக்க செயல் இது.

அக்குறிப்பை நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அம்மையார் அதைப் படித்துவிட்டு இம்முறை கேட்டது வேறொரு கேள்வி: "உங்களுக்குப் பின் அதை நடத்துகிறவர்களை யார் தட்டிக்கேட்பது?" சாசனத்தில் முதலில் எழுதப்பட வேண்டிய விடை அதற்கே உரியது. சரியான சொல் அவரைச் சரியான கேள்விக்குக் கொண்டுசேர்த்தது. கலைச்சொல்லாக்கத்தின் பயன் அதுவே.