கண்ணில் குச்சி பட்டால் சும்மா விடாதீர்கள்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவ்வாத்து வெட்டும்போதும் கொழுந்து எடுக்கும்போதும் கண்ணில் குச்சி படுவது நமக்குப் புதிதல்ல. அன்றைய பேர் போய்விடுமே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம்.

பிறகு கண் சிவந்து வலித்து, கருவிழியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது புண். பற்றீரியாவால் வரும் புண்ணும், குச்சி கீறிய இடத்தில் பங்கசு, அதாவது பூஞ்சணம், வளர்ந்து வரும் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பற்றீரியாவுக்கான மருந்து பங்கசைக் கொல்லாது. அழுக்குத் தண்ணீரில் வாழும் அக்கந்தமீபா என்ற கிருமியால் வருவது இன்னும் அரிது. அதை ஹேர்பீஸ் வைரஸ் புண் என்று டொக்டர்களே எண்ணிவிடுவதுண்டு. புண்ணில் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் பெரும்பாலும் உண்மை தெரியும்.

ஆகவே, டொக்டர் கேட்காவிட்டாலும் "தேயிலைக் குச்சி பட்டது" என்று முதலில் சொல்வோம். என்றைக்குப் பட்டது, என்ன மருந்து விட்டோம் என்பதையும் சொல்வோம். தாய்ப்பால், பச்சிலைச்சாறு விட வேண்டாம். கான் தண்ணீரில் கழுவ வேண்டாம். பக்கத்து லயத்தில் மிஞ்சிய சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்பு குறைந்ததுபோல் காட்டி, உள்ளே பங்கசை வளர்த்துவிடும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்று: கவ்வாத்துக்காரருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கண்ணில் அடிபட்டவரை அன்றைக்கே கண் டொக்டரிடம் அனுப்ப வாகனம், அந்த நாளுக்கு முழுப்பேர்.

போன பேரை மறுநாள் உழைக்கலாம். போன கண்ணை உழைத்து எடுக்க முடியாது. அடிபட்டால் அன்றே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் கூட வரும்.