வம்பனும் கேள்வி கேட்பவனும்

(திருவனந்தபுரத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். முல்லைப் பெரியாற்றை நினைத்துப் பாருங்கள்.

2011 டிசம்பரில் அணை விவகாரம் கொதித்தபோது அடிபட்டவர் யார்? மேடையில் முழங்கியவர்களா? இடுக்கித் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள் குடும்பத்தோடு மலையிறங்கி ஓடினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இரு பக்கமும் அடி வாங்கியவன் பிழைக்கப் போனவன்தான். 2021 அக்டோபரில் அதே நெருப்பைக் கைப்பேசியில் மூட்டினார்கள். அணை உடையப் போகிறது என்று ஒரு பக்கம் பீதி, மறுபக்கம் வசவு. தேனியில் ஒரு மலையாள நடிகரின் கொடும்பாவி எரிந்தது. பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை வரும் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் இந்த நகரத்துச் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

சட்டம் போட்டு அடக்கட்டுமே என்பீர்கள். அதையும் பார்த்தோம். 2020 செப்டம்பரில் இதே ஊரில், யூடியூபில் பெண்களை ஆபாசமாகப் பேசிய ஒருவரைத் தேடிப்போய், பின்னணிக் குரல் கலைஞர் பாக்கியலட்சுமியும் தோழியரும் அவர் மீது கரிய எண்ணெய் ஊற்றினார்கள். வழக்கு அந்தப் பெண்கள் மீதும் பாய்ந்தது. நவம்பரில் அரசு, கேரள போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. அவதூறுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் திரும்பப் பெற்றார்கள். நல்லதாயிற்று! அது நிலைத்திருந்தால், பாக்கிக் கூலியைத் தராத முதலாளியைப் பற்றி எழுதுகிற தொழிலாளியைத்தான் முதலில் பிடித்திருக்கும்.

ஆகவே வம்பனை நாம்தான் சமாளிக்க வேண்டும். நீங்கள் ஆத்திரத்தில் எழுதும் பதில்தான் அவனுக்குக் கூலி. அதைக் கொடுக்காதீர்கள். அவன் சொன்னது பொய்யென்றால் ஒருவர் மட்டும், ஒரு முறை மட்டும் விவரத்தைப் போடட்டும்: 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தோடு விடுங்கள். நாளைக்கு எந்தக் கட்டடத்தில் ஆள் வேண்டும், மருத்துவக் கல்லூரியில் யாருக்கு இரத்தம் வேண்டும் என்ற பேச்சு தொடரட்டும். நெல்லையா நாகர்கோவிலா என்று நம்மவருக்குள் மூளும் சச்சரவை டீக்கடையில் நேருக்கு நேர் தீர்த்துக்கொள்ளலாம். பாதிச் சண்டை, கேலியாக எழுதியதைக் கோபமாகப் படித்ததால் வந்ததுதான்.

ஆனால் மிரட்டலும், பெண்களை இழிவுபடுத்துவதும் வம்பு அல்ல, குற்றம். அங்கே மௌனம் கூடாது. தேதியோடு படமெடுத்து வைத்து சைபர் போலீசிடம் கொடுங்கள். சங்கத்திலிருந்து இருவர் கூட வருவார்கள்.

இன்னொன்று, இது குழுவை நடத்துவோருக்கு. சங்கக் கணக்கைக் கேட்பவர் வம்பர் அல்லர். கேட்டாரென்று ஒருவரையும் குழுவிலிருந்து நீக்கக் கூடாது. கணக்குப் புத்தகம் இதோ செயலாளரின் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.