தொட்டறியும் கல்வி



சர்வதேச சங்க அலுவலர்களின் குழந்தைகளுக்காக 1924-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் ஒரு பள்ளி தோன்றியது. அந்நகரிலேயே 1968-இல் பிறந்த இன்டர்நேஷனல் பாக்கலரியேட் பாடத்திட்டம் இன்று பல நாட்டுப் பள்ளிகளில் நடைபெறுகிறது. அதில் உயர்நிலை இயற்பியலுக்கு 240 மணி நேரம். அவற்றுள் 60 மணி செய்முறைக்கே உரியது. மாணவர் தாமே வினா எழுப்பி, தாமே செய்து எழுதும் ஆய்வுக்கு நூற்றுக்கு 20 மதிப்பெண். அளவையில் எவ்வளவு பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் அவர் எழுதியாக வேண்டும்.

நமக்கோ அறிவியல், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. ஊசலைத் தொடாமலே, அதன் படத்தை வரைந்து தேர்ச்சி பெற்றோம். 'தொடாதே' என்னும் சொல்லை வேறு இடங்களிலும் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொட இயலாமல் அண்ணல் அம்பேத்கர் தாகத்தோடு இருந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர் வழிவந்த பிள்ளைக்குக் குடுவையைக் கையிலெடுப்பது வெறும் பாடமன்று.

அப்பள்ளிகளின் கட்டணம் நமக்கு எட்டாது. ஊசலுக்கோ நூலும் கல்லும் கடிகாரமும் போதும். தொங்குமிடத்திலிருந்து கல்லின் நடுவரை 1 மீட்டர். 20 முறை போய்வர ஏறத்தாழ 40 விநாடி. நீளத்தைக் கால் மீட்டராக்கினால் 20 விநாடி. கல்லின் எடையை மாற்றினால்? நாம் சொல்லமாட்டோம், செய்து பாருங்கள். 38 விநாடி வந்தால் 38 என்றே எழுதுங்கள். ஏன் என்று பிறகு ஆராய்வோம். நம் மாலை வகுப்பு உத்தரத்தில் நூல் கட்ட ஆணி அடித்தாயிற்று. வரும் சனிக்கிழமை வாருங்கள்.