பொன்மீனும் வெயிலும்



கினிகத்தேனைக்காரன் ஒருவன் வெயிலைப் பற்றிப் பேச வந்தால் நீங்கள் நகைக்கக்கூடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் எங்கள் ஊரில் 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயினும் தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்துவிடும். அந்த வெயிலில் எங்கள் பாடசாலைப் பொன்மீன்கள் பட்ட பாட்டையே சொல்லப்போகிறேன்.

வகுப்பறைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த ஏழு மீன்களை முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றினோம். விருந்தினர் சிலர் வரவிருந்தமையால், தொட்டியின் பாசியை முற்றாகச் சுரண்டித் தெளிந்த நீர் நிரப்புமாறு மாணவரைப் பணித்தவன் நானே. நீரின் ஆழம் ஓரடி. (வந்தவர்கள் தொட்டிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை என்பது வேறு கதை.) நாலைந்து நாளில் மீன்களின் முதுகில் வெண்மை படர்ந்தது, முதுகுத் துடுப்பின் ஓரம் நைந்தது. வெண்புள்ளி நோயென்று முதலில் கருதினோம். அந்நோயிலோ உப்புக்கல் தூவினாற்போல் உடலெங்கும் புள்ளிகள் தோன்றும். இங்கு வானை நோக்கிய பகுதி மட்டுமே பழுதுற்றிருந்தது. வெயிலே அதனைச் சுட்டது.

நமது தோலின் மேற்புறம் இறந்த கலங்களாலான காய்ந்த படலம். மீனுக்கு அக்கவசம் இல்லை. அதன் உயிருள்ள கலங்களே நீரைத் தொட்டு நிற்கின்றன. மேலே வழுவழுப்பான சளிப்படலம் ஒன்றே காவல். கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்கள் அக்கலங்களைச் சிதைக்கின்றன. புண்ணான இடத்தில் பங்கசு எளிதிற் பற்றும். எங்கள் மீன்களில் இரண்டு அவ்வாறே மாண்டன. மலையேற ஏற அக்கதிர்களின் வலிமையும் ஏறும். 1,000 மீற்றருக்கு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடும் என்பர். மெல்லிய முகிலும் அவற்றை முற்றாகத் தடுப்பதில்லை. குளிர்காற்று வீசுவதால் நமக்கு அது உறைப்பதில்லை. பாசியேறிய பச்சை நீர் அக்கதிர்களை மேற்பரப்பிலேயே பெரிதும் உறிஞ்சிவிடும். தெளிந்த நீரோ உள்ளே விடும். தூய்மை என்று எண்ணி மீன்களின் குடையைப் பிடுங்கியவன் நான்.

அதற்காக அவற்றை இருளில் அடைத்தலும் ஆகாது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனர் வளர்க்கத் தொடங்கிய இம்மீன், குஞ்சுப் பருவத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கிய நிறத்தது, பின்னரே பொன்னாகும். நீண்டகாலம் இருளில் வைத்தால் அந்நிறம் வெளிறும். நிறம் தரும் கரற்றீன் வகைப் பொருள்களை மீன் தானே ஆக்கிக்கொள்ளாது; பாசியிலிருந்தும் இரையிலிருந்தும் பெறவேண்டும். ஆகவே வெயிலும் வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும்.

என்ன செய்வதென்று நான் தயங்கி நின்றபோது, தோட்டத் தொழிலாளியின் மகனான சிறுவன் ஒருவன், "தவறணையில் தேயிலைக் கன்றை முதல் நாளே வெயிலில் வைப்பார்களா, சேர்?" என்றான். நாற்றுமேடையின் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்தே கன்றைப் பழக்குகிறார்கள். எனக்கு அது தோன்றாமற் போயிற்று.

தொட்டியை மூன்றடி ஆழமாக்கினோம். முதலில் முழுவதும் பன்னத்தழைப் பந்தலிட்டு, வாரந்தோறும் சிறிது நீக்கி, பாதியில் நிறுத்தினோம். மறுபாதியில் அல்லி நட்டோம். ஆகாயத்தாமரையை ஒருவர் கொண்டுவந்தார். அதனைத் தடுக்க இந்நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டதைச் சொல்லித் திருப்பியனுப்பினேன். நண்பகலில் மீன்கள் தாமாகவே பந்தலின் கீழ் ஒதுங்குகின்றன. காலையில் வெளியே வந்து மேய்கின்றன. ஐந்தும் நலமே. ஒன்றின் முதுகில் மட்டும் புண் ஆறிய இடத்தில் கருங்கோடு விழுந்திருக்கிறது. மாணவர் அதற்குக் 'குடைக்காரன்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.